கீழ் வீட்டு ஃப்ரிட்ஜ்

"இந்த மாசத்தோட வீட்டைக் காலி பண்ணிடலாம்ப்பா. எனக்குப் பொறுமை போயிடுச்சு."

தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள் தையல்காரி. வீட்டுக்காரர் அப்போதுதான் படியிறங்கிப் போயிருந்தார். கீழ் வீட்டில் அவரும் மனைவியும். மாடியில் இவளும் அப்பாவும் வாடகைக்கு.

"இன்னைக்கு என்னவாம்?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டார் அப்பா. காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். இப்போது நுரையீரல் மக்கர் பண்ணுகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷினின் குழாய் மூக்கில் இருந்தால்தான் மூச்சு. அந்த மெஷினை நம்பித்தான் ஆஸ்பத்திரியில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"அயர்ன் பாக்ஸை அடிக்கடி போடாதேம்மா, தைச்சதையெல்லாம் சேர்த்து வெச்சுக் காலையில ஒரே தடவையா தேய்ச்சுடுங்கறாரு. அப்பப்ப அமுக்கித் தேய்க்கலைன்னா காலர் எப்படிப்பா நிக்கும்? அவர் சட்டைக்கே நிக்காது."

அவர் அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாடியில் இருந்த குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு, கேட்காமலே எல்இடி பல்பு வாங்கிவந்து மாட்டினார். போன் சார்ஜ் ஏறியதும் சார்ஜரைப் பிடுங்கிவிடச் சொன்னார். வெயில் இருக்கும்போது துணி காயவைக்க மெஷின் எதற்கு என்றார். ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் அவருக்கு எப்படியோ கீழேயே மூக்கில் வியர்த்துவிடும். தையல்காரி அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஆஃப் ஐயா'.

"வாடகையிலேயே கரண்டும் சேர்த்தி. அதான் மனுஷனுக்கு வயிறு எரியுது."

"நல்ல மனுஷன்ம்மா. தினமும் மாடியேறி வந்து எப்படி இருக்கீங்கன்னு கேட்கறாரு. இந்தக் காலத்துல யாரு கேட்கறா?"

"உங்க மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பார்க்க வர்றாருப்பா."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "எனக்கு இந்த ஜன்னலும் காத்தும் பிடிச்சிருக்கு. அப்புறம் உன் இஷ்டம்" என்றார்.

கீழ் வீட்டு லட்சணம் தெருவுக்கே தெரியும். சாயங்காலமானால் புருஷனும் பெண்டாட்டியும் விளக்கைக்கூடப் போடாமல் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, மடித்த பேப்பரால் விசிறிக்கொள்வார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே போர்வையும் தலையணை உறையும் அடுக்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வந்து, துணி தைக்கக் கொடுக்கிறவர்களிடமெல்லாம் தையல்காரி சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ரெண்டே நாளில் வேறு வீடும் பார்த்துவிட்டாள். வீட்டுக்காரரிடம் சொல்வதுதான் பாக்கி. சூட்டோடு சூடாகச் சொல்லிவிடலாம் என்று கீழே இறங்கினாள்.

கீழே பார்த்தால் ஆச்சரியம். வெளியூரில் இருக்கும் மகள் வந்திருந்தாள். போர்வைகள் சோபாவில் கிடக்க, ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. ஏசி ஓடியது. குளியலறையில் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த வீட்டிலும் கரண்ட் என்று ஒன்று இருக்கிறதே என்று தையல்காரிக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"வாங்கக்கா. அப்பாவும் அம்மாவும் கடைக்குப் போயிருக்காங்க. இப்ப வந்துடுவாங்க, உட்காருங்க" என்ற மகள், ஈரத் தலையை உலர்த்த ஹேர் டிரையரைப் போட்டாள்.

டப்பென்று எல்லாம் நின்றது. மறுநொடி, மாடியில் மெஷின் பீப் பீப்பென்று கத்த ஆரம்பித்தது.

தையல்காரி விழுந்தடித்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அப்பா படுக்கை விரிப்பை இறுக்கிப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரில் குழாயை மாட்டுவதற்குள் அவள் படாத பாடு பட்டாள்.

கீழே கேட் திறக்கும் சத்தம். ஏதோ பொத்தென்று விழும் சத்தம். "அணை! எல்லாத்தையும் அணை!" என்று வீட்டுக்காரரின் குரல்.

சற்று நேரத்தில் மெஷின் மறுபடி ஓடியது. அப்பாவின் முகம் தெளிந்தது. "ஒண்ணுமில்லம்மா, பயப்படாதே" என்று அவர்தான் அவளைத் தேற்றினார்.

பயம் போனதும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. வாடகை மட்டும் வாங்கத் தெரிகிறது, ஒழுங்காக ஒரு லைன் இழுக்க மனசு வரவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டே காலி பண்ணுவதென்று மறுபடி இறங்கினாள்.

பாதிப் படியில் மகளின் குரல் கேட்டது.

"இந்த வீட்டுல எப்பவும் ட்ரிப் ஆகறதுதானேம்மா. அதுக்குப் போய் அப்பா ஏன் இப்படி நடுங்கறாரு?"

"மாடிக்கும் நமக்கும் ஒரே லைன். நாம ரெண்டு சாமானைச் சேர்த்துப் போட்டாலே தாங்கறதில்ல. புது லைனுக்கு எழுதிக் குடுத்துட்டு அப்பாவும் நடையா நடக்கறாரு."

"மேல இருக்கறவங்ககிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? அதுக்காக நீங்க ரெண்டு பேரும் இருட்டுல உட்காரணுமா?"

"சொன்னா, நம்மளால இவங்களுக்குக் கஷ்டம்னு அந்தப் பொண்ணு அன்னைக்கே காலி பண்ணிடும். முடியாத அப்பாவை வெச்சுக்கிட்டு எங்கே போய் அலையும்?"

"போன தடவை நான் வந்தப்ப ஏசியில தானேம்மா தூங்கினீங்க?"

"அப்ப மேல மெஷின் வரலையேடி."

தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா நிம்மதியாக மூச்சுவிட்ட ஒவ்வொரு நாளும் இவர்கள் இரண்டு பேரும் வியர்வையில் நனைந்திருக்கிறார்கள்.

மெயின் பெட்டியை மூடிவிட்டு வந்த வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அப்பா எப்படிம்மா இருக்காரு?"

"நல்லா இருக்காருய்யா."

அவர் மனைவி வெளியே எட்டிப் பார்த்தாள். "எங்களைத் தேடி வந்தியாமேம்மா. என்ன விஷயம்?"

தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா இருக்கற வரைக்கும் இந்த வீட்டுலயே இருந்துக்கலாமான்னு கேட்க வந்தேன்மா."