முதல் மேடு

பின்சக்கரத்தின் இருபக்கமும் கனத்த பைகள் தொங்க, பெரியவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலைப்பாதையில் ஏறி வந்தாள். சின்னவள் டீக்கடை வாசலில் காத்திருந்தாள்.

"முதல் நாளே நாக்கு தள்ளுதே. இன்னும் ரெண்டு வாரமும் இப்படித்தானா?"

"கூடாரத்தை என் வண்டியில கட்டிக்கறேன்மா. திரும்பிப் போயிடலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. எத்தனை நாளா ஆசைப்பட்டோம்."

பெரியவளின் போன் அடித்தது. மகன்தான்.

"பஸ் பிடிச்சு வந்துடணுமா? சைக்கிளை யார் தலையில கட்டறது?... அவகூடப் போனா உனக்கு என்னடா?... சரி, கத்தாதே. யோசிச்சு சொல்றேன்."

சின்னவள் கையிலிருந்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

டீக்கடைக்காரி சிரித்தாள். "அம்மாவும் பொண்ணும் ஊர் சுத்தினா பிள்ளைக்குப் பொறாமை போல."

"பொண்ணு இல்லைம்மா, மருமக. போன மாசம்தான் அவனுக்கும் இவளுக்கும் விவாகரத்து ஆச்சு."

டீக்கடைக்காரி திகைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புறமும் சேர்ந்தா சுத்தறீங்க?"

"கோர்ட்டுல கையெழுத்துப் போட்டது அவங்க ரெண்டு பேரும்தானே? என்னை யாரும் கேட்கலை, நானும் போடலை" என்றபடி பெரியவள் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தாள். "டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பு கண்ணு. இருட்டறதுக்குள்ள மேல போயிடணும்."