வேலி தெரியாத புல்வெளி

புல்வெளி முடியும் இடத்தில் அவள் நின்றுவிட்டாள்.

முடிகிறது என்பது அருகில் வந்தால்தான் தெரிகிறது. மாளிகையின் படிகளிலிருந்து பார்த்தபோது புல் ஒரே விரிப்பாக ஓடி, தொலைவில் மேயும் செம்மறிகளின் காலடி வரை போயிருந்தது. இங்கே, கால்விரல்களுக்கு முன்னால், நிலம் வெட்டப்பட்டிருந்தது.

ஒரு நீண்ட பள்ளம்.

இந்தப் பக்கம் செங்குத்தான கல்சுவர். அந்தப் பக்கம் சரிவு.

நுழைவாயிலில் கொடுத்த தாளைத் தங்கை சுபோதினி வழியெல்லாம் வாசித்துக்கொண்டு வந்தாள். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இந்த வீட்டில் இருந்த சீமாட்டிக்கு, சன்னலிலிருந்து பார்க்கும்போது வேலி கண்ணில் படக்கூடாது. ஆடுகள் பூப்பாத்திக்குள் வரவும் கூடாது. ஆகவே ஒரு மாரிகாலம் முழுதும் ஆட்கள் நின்று இதை வெட்டினார்கள்.

"முப்பது தோட்டக்காரராம் அக்கா. இவ்வளவு காணிக்குள்ள ஒரு முருங்கை வைக்கத் தெரியேல்லை."

அவள் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

அதற்கு முன் ஒரு கண்ணாடிக்கூடம். உள்ளே பழைய திராட்சைக்கொடி. எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். அவள் வெளியே நின்றாள்.

அவ்வளவு கண்ணாடி.

இப்போது சுபோதினி தேநீருக்கு வரிசையில் நின்றாள். போகும்போது மகளின் கையை எடுத்து இவள் கைக்குள் வைத்திருந்தாள்.

"ஆரணியைப் பாத்துக்கொள்ளுங்கோ. அஞ்சு நிமிசம்."

இங்கிலாந்துக்கு வந்த நான்கு வருடத்தில் இதுவே முதல் தடவை. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்படி சுபோதினி ஒருநாளும் கேட்டதில்லை. இவளும் போகட்டுமா என்று கேட்டதில்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

சின்னக் கை. இனிப்புத் தின்ற பிசுபிசுப்பு.

அவள் பள்ளத்தைப் பார்த்தாள். ஆழம் போதும். மூடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பனங்குற்றி இல்லை. மண்மூட்டை இல்லை.

வன்னியில், போரின் கடைசி மாதங்களில், மூட்டைகளைச் சேலைகளில் தைத்தார்கள். நூல்சேலைகள் முடிந்தபின் தன் கூறைச்சேலையையும் வெட்டினாள். பட்டு ஈரமண்ணை நன்றாகத் தாங்கியது.

பதுங்குகுழிக்கு ஒரு முறை இருந்தது. கணவன் பழக்கியது.

முதலில் அவள் குதிக்க வேண்டும். குதித்ததும் திரும்பிக் கைகளை உயர்த்த வேண்டும். மேலே நிற்கும் அவன் பிள்ளையை இறக்கித் தருவான். அதன்பின் அவன். பிள்ளையை முதலில் குதிக்க விட்டால் கால் முறிந்துவிடும்.

ஒரே பகலில் பதினாறு முறை செய்திருக்கிறார்கள். பிள்ளை அதை விளையாட்டாக எண்ணத் தொடங்கியிருந்தாள்.

கடைசி முறையும் அவள் எல்லாவற்றையும் சரியாகவே செய்தாள்.

குதித்தாள். திரும்பினாள். கைகளை உயர்த்தினாள்.

மண் விழுந்தது.

பின்னேரம் யாரோ வந்து அவளுடைய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்கள்.

இப்போது, வயல்களுக்கு அப்பாலிருந்து அது வந்தது. ஒற்றை வெடி.

மரங்களிலிருந்து காகங்கள் எழுந்தன.

கால் தரையில் மோதியபோதுதான் குதித்துவிட்டது தெரிந்தது. கணுக்காலில் ஏதோ நொடித்தது. திரும்பினாள். கைகளை உயர்த்தினாள்.

கைகளில் ஒன்றும் இல்லை.

பிள்ளை மேலே நின்றாள்.

மறுபடியும் முதலில் குதித்திருந்தாள். பிடித்திருந்த கையை விட்டுவிட்டு.

ஆரணி சுவரின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வானம் மட்டும் இருந்தது.

"பெரியம்மா, அது காகம் கலைக்கிற வெடி. எங்கட பள்ளிக்கூடத்துக்குக் கிட்டவும் இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். விளங்கியது.

கைகள் இறங்கவில்லை.

"பயந்திட்டீங்களோ?"

ஆரணி சிரித்தாள். பிறகு உயர்த்திய கைகளைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. ஏதோ முடிவு செய்தவள்போல் விளிம்பில் உட்கார்ந்து கால்களைக் கீழே தொங்கவிட்டாள்.

இரண்டாவது வெடி.

பிள்ளை சறுக்கினாள்.

நெஞ்சில் வந்து மோதினாள். காலிலிருந்து சிவப்புச் சப்பாத்து ஒன்று கழன்று விழுந்தது. அவள் கைகளை மூடினாள். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஆரணி!"

தேநீர்க் கடைப் பக்கமிருந்து சுபோதினி கூப்பிட்டாள்.

அங்கிருந்து பார்த்தால் புல்தான் தெரியும். ஒரே விரிப்பாக, ஆடுகள் வரைக்கும். அப்படித்தான் வெட்டியிருந்தார்கள்.

"ஆரணி! அக்கா! அக்கா, பிள்ளை எங்க?"

இதே கேள்வியைத் தங்கை ஒருமுறை தொலைபேசியில் கேட்டிருந்தாள். போருக்குப் பின், முகாமின் தொலைபேசி வரிசையில், பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று அவள் பதில் சொல்லவில்லை.

இப்போது சொல்லலாம். இங்கே என்ற ஒரு சொல் போதும்.

வாயைத் திறந்தாள்.

"பெரியம்மா, நோகுது. விடுங்கோ."

ஓடிவரும் காலடி மேலே புல்லில் கேட்டது. தவறான பக்கம் போனது. திரும்பி வந்தது.

அவள் பிடியைத் தளர்த்தவில்லை. பிள்ளையை நெஞ்சோடு இன்னும் மேலே ஏற்றிக்கொண்டாள். இவ்வளவு பாரமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஆரணிக்குப் போன மாதம் ஏழு வயது முடிந்திருந்தது.

இவளுடைய மகளுக்கு அன்று ஆறு வயதும் நான்கு மாதங்களும்.

ஏழு வயதுப் பிள்ளையை அவள் தூக்கியதே இல்லை.