சொல்லிக் குடுத்தவன்

கிண்ணியாவுக்கு வந்த அரசாங்க எக்ஸ்ரே வண்டியில், மீன்பிடித் தொழிலாளி சுகிர்தனுக்குக் காசநோய் என்று தெரிந்தது. இலவச மருந்து தந்த தாதி, கூட வேலை செய்பவர்களையும் சோதிக்க வேண்டும் என்றாள். படகு முதலாளி உட்பட, தன்னோடு கடலுக்கு வரும் எல்லோருடைய பெயரையும் அவன் சொன்னான்.

“முதலாளியையுமா சொன்னனீங்கள்? இனி ஆர் வேலை தருவினம்?” என்று மனைவி ஜெயரூபி அழுதாள்.

ஒரு மாதத்தில் முதலாளியின் மனைவி ஸுல்பிகா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“எங்கட ஆளைச் சொல்லிக் குடுத்தது நீங்கதானா தம்பி?”

“ஓம், நான்தான்” என்றான் சுகிர்தன்.

ஸுல்பிகா கண்ணைத் துடைத்தாள். “அவருக்கு இருமலே இல்ல. ஆனா நெஞ்சில நோய் இருந்திருக்கு. நேரத்துக்குக் கண்டுபிடிச்சதால சுகமாக்கலாமாம். ரெண்டு பேரும் மருந்தை முடிச்சிட்டு ஒண்டாக் கடலுக்குப் போங்க.”

ஜெயரூபி அவசரமாகக் கதிரையை இழுத்துப் போட்டாள். “இருங்கோ அக்கா. இவர் எப்பவும் இப்பிடித்தான், ஒண்டையும் மறைக்கமாட்டார்!”