நின்றுபோன மிஷின்

மத்தியானம் ஒரு மணிக்கு டாக்டரின் மனைவி எஸ்தர் செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து பனியன் கம்பெனிக்கு ஓடி வந்தாள். முதலாளி தங்கவேலு பதறி எழுந்தார்.

"சத்தம் தொந்தரவுங்களா அம்மிணி? டாக்டரு மூணு நாளா ஐ.சி.யூ. டூட்டியிலயே கிடந்துட்டு இப்பத்தான் வந்து படுத்தாருன்னாங்க. கேட்டதுமே நிட்டிங் மிஷினை எல்லாம் நிறுத்திட்டனுங்க. பொழுதுக்கும் ஓட்ட மாட்டோம். நல்லாத் தூங்கட்டுமுங்க."

"தூங்கிட்டுத்தானுங்கண்ணா இருந்தாரு. நீங்க நிறுத்துனதும் தூக்கத்துலயே எந்திரிச்சு உக்காந்துட்டாரு. இன்னும் முழிக்கலீங்க. தலையணையை ரெண்டு கையாலயும் அமுக்கிட்டே இருக்காரு. 'மிஷின் நின்னுருச்சு, போயிராதீங்க, போயிராதீங்க'ங்கறாரு. சீக்கிரம் ஓட்டுங்கண்ணா!"

தங்கவேலு ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினார். மிஷின்கள் மெல்ல முனகி, பிறகு ஒரே தாளத்தில் சுற்றத் தொடங்கின. பஞ்சுத்தூசி வெயிலில் மிதந்தது.

எஸ்தர் திரும்பி வந்தபோது டாக்டர் அதே தலையணையில் கன்னம் வைத்துப் படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. முகத்தில் சிரிப்பு.

"பல்ஸ் வந்துருச்சு சிஸ்டர். வெளிய ஊட்டுக்காரங்க நிப்பாங்க, சொல்லிருங்க."

எஸ்தர் போர்வையை இழுத்துவிட்டாள்.

"சொல்லிட்டனுங்க டாக்டர்."