தொட்டியின் இரைச்சல்

பார்ரன்கியா நகரில் எவாரிஸ்தோ தன் மீன்தொட்டிக்குக் கீழே, தண்ணீர் வடிந்து சுத்தமாகும் அடித்தொட்டிக்குள் கண்ணாடித் தடுப்புகளை ஒட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கடை வில்மர் உதவிக்கு இருந்தான்.

“தண்ணி இதுக்கு மேல ஏறி, அதுக்கு அடியில நுழைஞ்சு போகணும். குமிழி அடங்கிரும். கடைசி அறை பாசிக்கும் குட்டி இறாலுக்கும். அங்க மீன் கடிக்காது.”

“இத்தனை வருஷமா அருவி மாதிரி கொட்டுதே அண்ணே, அண்ணி திட்டலையா?”

“ஒரு வார்த்தை சொன்னதில்ல.”

“குடுத்து வச்சவரு! என் வீடா இருந்தா தொட்டி தெருவுக்குப் போயிருக்கும். இப்ப மட்டும் என்ன அவசரம்?”

“கல்யாணத்துக்கு முன்னயே நுபியாவுக்குக் காய்ச்சல்ல காது போயிருச்சுப்பா. இப்பதான் ஆபரேஷன் பண்ணி காதுக்குள்ள ஒரு கருவி வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை ஆன் பண்றாங்க. வீட்டுக்கு வந்ததும் இந்த இரைச்சலா அவ காதுல விழணும்?”

வில்மர் அடுத்த கண்ணாடியைப் பதமாக எடுத்து நீட்டினான்.

வெள்ளியன்று நுபியா தங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும்வரை எவாரிஸ்தோ தொட்டியைவிட்டு நகரவில்லை. தண்ணீர் மெல்ல முணுமுணுத்தது. நுபியா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“தண்ணியா? நல்லா இருக்கு. அது கிடக்கட்டும், நீ பேசு. உன் குரலைக் கேக்கத்தானே ஓடி வந்தேன்?”

எவாரிஸ்தோவுக்கு அது தோன்றவேயில்லை. திகைத்துப்போய்த் தொண்டையைச் செருமினார்.

அந்தச் செருமலுக்கே நுபியா முகமெல்லாம் மலர்ந்து சிரித்தாள்.