மேஸ்திரி கண்டுபிடித்த பழுது

"இந்த வூட்டை எந்த ஊர் கொத்தன் கட்டினானோ தெரியல. சுவரு ஒரு விரக்கடை சாஞ்சு நிக்குது" என்றார் மாரப்பன் மேஸ்திரி.

பாஞ்சாலிக்குச் சுருக்கென்றது. விற்கிற வீடுதான், அதற்காக வாசலில் நின்றுகொண்டு இப்படியா பேசுவது? புருஷனைப் பார்த்தாள். காளியப்பன் வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல நின்றார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் காளியப்பனுக்கு ஒட்டினாற்போல இரண்டு வீடு. பாஞ்சாலி வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே கட்டினவை. ஒன்றில் குடியிருந்தார்கள். பூட்டிக் கிடந்த மற்றதை நாலாயிரத்துக்கு விற்கப் போவதாகச் சொல்லியிருந்தார்.

வாங்க வந்தவர் முனாப் பாய். கடைவீதியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறவர். இப்போது இருக்கும் வாடகை வீட்டை மாசக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது?

அவர் மனைவி ஹசீனா போன வாரமே வந்து, விற்கிற வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்ப் பருப்பு வேகவைத்துப் பார்த்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் பாதிக் கிணறுகள் உப்புத் தண்ணீர். நாள் பூரா எரித்தாலும் துவரம்பருப்பு கல்லாட்டம் கிடக்கும். இந்தத் தண்ணீரில் அரை மணியில் குழைந்துவிட்டது. இருந்தால் இந்த வீட்டில்தான் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆனால் அவர்கள் கையில் இருந்தது மூவாயிரத்து இருநூறுதான். ஹசீனா அதைப் பாஞ்சாலியிடம் சொல்லி அழுதாள். பாஞ்சாலி அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள். அவர் ம் என்றதோடு சரி.

முனாப் பாய் ஒரு தினுசான மனுஷர். பேரம் பேசவே மாட்டார். காய்க்காரி கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைக்கூடத் திருப்பிக் கூடையில் வைத்துவிட்டு வருவார். வீட்டுக்கு உண்டான விலையைக் கொடுக்க முடிந்தால் வாங்குவது, இல்லாவிட்டால் பேசாமல் இருப்பது என்று ஹசீனாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பழைய வீடு வாங்குகிறவர் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டுவது அங்கே வழக்கம். கொத்தனார் சொல்லுக்கு இரண்டு பக்கமும் மறுபேச்சுக் கிடையாது. அப்படித்தான் மாரப்பன் மேஸ்திரி வந்திருந்தார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுச் சுவரைப் பழித்தார். கதவு நிலையைத் தட்டி, உள்ளே கரையான் என்றார். தரையைக் குதிகாலால் உதைத்து, அடியில் மண் இறங்கிப் பொக்கையடித்துவிட்டது என்றார். ஓடு மாற்ற வேண்டும், சமையலறையைப் பூச வேண்டும், சிமெண்டுக்கோ பெர்மிட், அதற்கு அரூர் தாலுக்கா ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

முனாப் பாய் சுவரில் கன்னத்தை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"எனக்கு நேராத்தான் தெரியுது மேஸ்திரி."

"உங்க கண்ணுக்குத் தெரியாதுங்க பாய். கொத்தன் கண்ணுக்குத்தான் தெரியும்."

ஹசீனாவின் முகம் தொங்கிப்போனது. அப்படியானால் வாங்க வேண்டாமா என்று மெதுவாகக் கேட்டாள். தாராளமாக வாங்கலாம், இதெல்லாம் பயப்படுகிற பழுது இல்லை என்றார் மேஸ்திரி. எண்ணூறு ரூபாய் வேலை இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு மூவாயிரத்து இருநூறு என்றால் சரியான விலை என்றும் சொன்னார்.

முனாப் பாய் காளியப்பன் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு மனசு சம்மதமாங்க? எனக்காக ஒரு ரூவா குறைக்க வேணாம்."

"பழுதான வூட்டுக்கு முழு வெலை வாங்கினா எனக்குத்தான் பாவம். கொத்தனார் சொன்னா சரிதானுங்க."

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றி அச்சாரம் கொடுத்தார்கள். ஹசீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததில் பாஞ்சாலிக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் மேஸ்திரி குடிக்கத் தண்ணீர் கேட்டபோது காது கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டாள்.

எல்லோரும் போனபிறகு புருஷனைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வெளியாள் வந்து வீட்டைக் கண்டபடி பேசுகிறான், நீங்கள் மண்ணாந்தை மாதிரி தலையாட்டுகிறீர்களே, வாயில் நாக்கு இல்லையா என்று பொரிந்து தள்ளினாள்.

அப்போது புழக்கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு அதே மேஸ்திரி வந்து நின்றார்.

"நேத்து ராத்திரி நீங்க சொல்லிக் குடுத்தபடியே ஒண்ணு விடாம சொல்லிட்டேங்ண்ணா."

பாஞ்சாலி திகைத்துப்போய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

காளியப்பன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நேரா குறைச்சுக் குடுத்தா அந்த மனுசன் வாங்குவாரா? எண்ணூறு ரூவாய்க்கு ஆசைப்பட்டு எவனோ ஒருத்தனுக்கு வித்துட்டு, தெனம் காலையில அவன் மூஞ்சியில முழிக்கச் சொல்றியா?"

பாஞ்சாலி உள்ளே போனாள். ஒரு சொம்பு மோரைக் கொண்டுவந்து மேஸ்திரியிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டாரே தவிர, குடிக்காமல் தலையைச் சொறிந்தார்.

"உங்களுக்கு வேலை முடிஞ்சிதுங்ண்ணா, எனக்குத்தான் வம்பு. அந்தப் பழுதையெல்லாம் நாளைக்கே வந்து சரிபண்ணிக் குடுன்னு பாய் எங் கையில ஒரு நாள் கூலியைத் திணிச்சிட்டுப் போயிட்டாரு. இருவது வருசத்துக்கு முந்தி நானே நின்னு கட்டின வூடு. மூணு சுத்து சுத்திப் பாத்துட்டேன், ரிப்பேர் பண்ண ஒரு எடங்கூடக் கெடைக்க மாட்டேங்குது!"