வேலைக்குப் போகும் கூட்டம்

தாயில்பட்டிப் பக்கம் ரயில் நிலையம் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவர் ரயில்வே அதிகாரி செழியன். "அங்கே காக்கைதான் வந்து உட்காரும்" என்று ஆபீஸில் கேலி பேசியவர்களுக்குக் காட்டத்தான் அன்று காலை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். நடைமேடையில் நிற்க இடமில்லை. அத்தனை பேரும் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள், கையில் தூக்குவாளி.

"ஸ்டேஷன் வந்தது பிரயோசனமா இருக்காம்மா?" என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோலையம்மாளிடம் கேட்டார்.

"இருக்காதா சார்? நிழல் இருக்கு, ஃபேன் இருக்கு, பைப்பைத் திறந்தா தண்ணி வருது. முன்ன ரோட்டோரத்துல காஞ்சு கெடந்தோம்."

"தினமும் வர்றீங்களா?"

"ஒருநா தப்புறதில்ல. இதை மூடப் போறதாப் பேசிக்கிறாக. மூடிறாதீக சார்."

"நான் இருக்கிறவரைக்கும் யாரும் மூட முடியாது." செழியனின் நெஞ்சு சட்டைப் பித்தானைச் சோதித்தது. "குறை ஏதும் இருந்தாலும் சொல்லுங்க."

அதற்குள் ரயில் வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை. வந்த மாதிரியே காலியாகக் கிளம்பிப் போனது.

"ஏம்மா, ஏறலையா?"

"அது விருதுநகருக்குல்ல போகுது சார். எங்க கம்பெனி பொட்டக்காட்டுக்குள்ள இருக்கு. கம்பெனி வேன் இங்கன வந்து ஏத்திக்கிடும்."

செழியன் கையில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சோலையம்மாள் வாளியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"குறைன்னா ஒண்ணே ஒண்ணுதான் சார். இந்த ரயில் வந்து நிக்கையில வேன் ஹாரன் காதுல விழ மாட்டேங்குது."